நீதிமொழியைத் திருப்பிப் படிக்காதீர்கள்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளின் போதகர்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டங்களை நடத்தும் மூப்பர்களுக்கும், ஆண்டுதோறும் வாக்குத்தத்த வசனங்களைத் தெரிந்தெடுத்து அட்டைகளாக அச்சிடுகிறவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் 27 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஒரு அதிகாரமாக மாதாமாதம் அதை வாசித்து முடிக்கும் பழக்கம் என் தாயாரிடமிருந்து எனக்கு வந்தது. அந்தப் புத்தகத்தின்மேல் உள்ள பிரியத்தினால்தான், நம்முடைய சபைகளில் அது கையாளப்படும் விதத்தைக் குறித்து உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது, தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நடத்திவந்த பலசரக்குக் கடைக்குள் இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்தபின் கடையைக் கழுவ நானும் போயிருந்தேன். அரிசி மூட்டைகள் ஊறிப் பிதுங்கிப் புளித்த வாடை அடித்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கென்று கடன் வாங்கி இறக்கியிருந்த சீனி முழுவதும் கரைந்துபோய், சாக்குகள் மட்டும் பிசுபிசுப்பாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஊரார் வாங்கிய கடனை எழுதிவைத்திருந்த நோட்டில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நீலக் கறைதான் இருந்தது. தராசுக்கு மேலே சுவரில், 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று அந்த அம்மா தம் கையால் எழுதி ஒட்டியிருந்த தாள் ஒரு மூலை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது நீதிமொழிகள் 11:1. எடை குறைக்காத கடை என்று சுற்றுவட்டாரம் முழுவதும் அறிந்த கடை அது.

அந்த மழைக்குப் பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு, வருடக் கடைசி ஆராதனையில், வருகிற ஆண்டுக்கான வசனமாக ஆளுக்கொன்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வந்தன. அந்த அம்மா எடுத்த அட்டையில் இருந்த வசனம் இது: 'கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும், அதனோடே அவர் வேதனையைக் கூட்டார்.' நீதிமொழிகள் 10:22. அவர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்த வாரமே ஒரு மூப்பர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். ஆசீர்வாதத்தோடு வேதனையைக் கூட்டார் என்று வசனமே சொல்லுகிறபடியால், வேதனை வந்திருக்கிற இடத்தில் ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்றும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தில் குறை வைத்தார்களா, மறைவான பாவம் ஏதேனும் உண்டா என்று குடும்பமாகச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. வேதத்தை நம்புகிற மனிதர்தான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், அந்தக் கடைக்காரக் குடும்பத்துப் பையனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே அவர் அதே கருத்தைச் செய்தியாகவே கொடுத்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "டீச்சர், எங்க அப்பா என்ன பாவம் செஞ்சாங்க?" என்று கேட்டான்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அன்று இரவு என் நினைவுக்கு வந்தவை நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் இரண்டு வசனங்கள். 'மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே; கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய்' என்கிறது நான்காம் வசனம். 'மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு. கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்' என்கிறது ஐந்தாம் வசனம். நடுவில் ஒரு சொல் விளக்கமும் இல்லை. வேதத்தில் முரண்பாடு இருக்கிறது என்று காட்ட விரும்புகிறவர்கள் முதலில் கையிலெடுப்பது இந்த இரண்டையும்தான். நாமோ ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றதையும் தனித்தனியாகப் பிரசங்கித்துவிட்டு, இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைச் சபைக்குச் சொல்லாமலே கடந்துபோகிறோம்.

இது கைத்தவறுதலாக நேர்ந்ததாக இருக்க முடியாது. 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தின்படி, இந்தப் பகுதி யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் மனுஷர் பேர்த்து எழுதியது. பழைய சொற்களைத் திரட்டி வரிசைப்படுத்திய அந்த அரண்மனை எழுத்தர்கள் இந்த இரண்டையும் பத்து அதிகார இடைவெளியில் வைத்திருக்கலாம், அருகருகே வைத்தார்கள். யூத அறிஞர்களும் இதைக் கண்டு தயங்கியிருக்கிறார்கள். நீதிமொழிகளின் சொற்கள் ஒன்றையொன்று மறுப்பதால் அந்தப் புத்தகத்தையே ஒதுக்கிவைத்துவிட அறிஞர்கள் எண்ணினார்கள் என்று யூதர்களின் பழைய விளக்க நூலாகிய பாபிலோனியத் தல்மூதின் சபாத் பகுதி சொல்லி, அதற்குச் சான்றாக இந்த இரண்டு வசனங்களையே எடுத்துக்காட்டுகிறது. முடிவில் அவர்கள் அதை ஒதுக்கவில்லை. தோராவை, அதாவது வேதப்பிரமாணத்தை, குறித்த காரியமானால் மறுமொழி கொடு, உலகக் காரியமானால் கொடாதே என்று பொருள் சொல்லி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பிரிவினை எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஒவ்வொரு வசனத்தின் பின்பாதியும் ஒரு ஆபத்தைச் சொல்லுகிறது என்பதையே நான் கவனிக்கிறேன். நான்காம் வசனத்தின் ஆபத்து பேசுகிறவனுக்கு நேர்வது: நீ அவனைப் போலாவாய். ஐந்தாம் வசனத்தின் ஆபத்து கேட்கிறவனுக்கு நேர்வது: அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான். எந்த நேரத்தில் எந்த ஆபத்து பெரியது என்பதை வசனம் நமக்காகத் தீர்மானித்துக் கொடுக்கவில்லை. அந்த மூப்பரை மூடன் என்று சொல்ல எனக்கு நா எழாது. அவர் அன்று சொன்ன சொல் மதியீனமானது என்று சொல்லுவேன். முதல் நாளில் நான் நான்காம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்தின் விலையை ஒரு பிள்ளை கொடுத்தான். பிறகு ஐந்தாம் வசனத்தின்படி அவரிடம் தனியே பேசப்போன நான் குரலை உயர்த்திவிட்டேன், அவர் மனதையும் நோகடித்தேன்; நான்காம் வசனம் எதை எச்சரித்ததோ அது எனக்கே நேர்ந்தது. இரண்டு வசனமும் மெய்.

நம் தமிழில் இது புதிதல்ல. பதறாத காரியம் சிதறாது என்று சொல்லும் அதே பாட்டி, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றும் சொல்லுவாள். அவளைக் குழப்பக்காரி என்று யாரும் சொன்னதில்லை. எந்தப் பேரனுக்கு எதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். திருக்குறளின் அழுக்காறாமை அதிகாரத்தில், பொறாமை ஒருவனுடைய செல்வத்தை அழித்துத் தீய வழியில் தள்ளிவிடும் என்கிறது 168ஆம் குறள். உடனே அடுத்ததாக, 'அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்' என்று 169ஆம் குறள் நிற்கிறது. பொறாமைக்காரன் வாழ்வதும் உண்டு, செம்மையானவன் கெடுவதும் உண்டு, அது எண்ணிப் பார்க்கவேண்டிய காரியம் என்று முந்தைய குறளின் பக்கத்திலேயே வள்ளுவர் வைத்துவிட்டார். இந்த மரபில் வளர்ந்த நாம் வேதத்தை வாசிக்கும்போது மட்டும் ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனிச் சட்டமாக எடுத்துக்கொள்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஐசுவரியத்தைப் பற்றிய வசனங்களுக்கு வருகிறேன். என் முறையீடு இதில்தான் இருக்கிறது. சோம்பற்கையால் வேலை செய்கிறவன் ஏழையாவான், சுறுசுறுப்புள்ளவன் கை செல்வத்தை உண்டாக்கும் என்று நீதிமொழிகள் 10:4 சொல்லுகிறது. பாவிகளைத் தீவினை தொடரும், நீதிமான்களுக்கு நன்மை பலனாக வரும் என்று 13:21 சொல்லுகிறது. இவை உண்மையான சொற்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இவற்றை மனப்பாடம் செய்விக்கிறேன், தொடர்ந்து செய்விப்பேன். ஆனால் இவற்றை விதிவிலக்கில்லாத சட்டமாக்கி, அந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு, ஏழையாக இருக்கிறவன் சோம்பேறியாக இருந்திருக்கவேண்டும், தீங்கு வந்தவன் பாவியாக இருந்திருக்கவேண்டும், செழித்தவன் கர்த்தருக்குப் பிரியமானவனாக இருக்கவேண்டும் என்று படிப்பதற்கு அந்தப் புத்தகமே இடம் கொடுப்பதில்லை.

10:15 சொல்லுகிறது: 'ஐசுவரியவானுடைய பொருள் அவனுக்கு அரணான பட்டணம், ஏழைகளின் வறுமையோ அவர்களைக் கலங்கப்பண்ணும்.' இது உலகத்தைக் கண்ணால் கண்டு சொன்ன சொல். கையில் பணம் இருக்கிறவன் வெள்ளத்தையும் தாங்குவான், இல்லாதவன் கலங்கிப்போவான். எட்டு அதிகாரம் தள்ளி, 18:11இல், அதே முதல் பாதி எழுத்து மாறாமல் திரும்ப வருகிறது: 'ஐசுவரியவானுடைய பொருள் அவனுக்கு அரணான பட்டணம்.' பின்பாதி மட்டும் வேறு: 'அது அவன் எண்ணத்தில் உயர்ந்த மதில்போலிருக்கும்.' அவன் எண்ணத்தில் என்ற அந்த ஒரு சொல்லால் பட்டணத்தின் அஸ்திபாரமே ஆடிப்போகிறது. அதற்கு முந்தின வசனம் கர்த்தரின் நாமமே பலத்த துருகம் (கோட்டை), நீதிமான் அதற்குள் ஓடிச் சுகமாயிருப்பான் என்கிறது. 10ஆம் தேதி ஒன்றை வாசித்தவன் 18ஆம் தேதி மற்றதை வாசிக்கும்போது, முன்பு வாசித்ததை மறுபடி எண்ணிப் பார்க்கவேண்டும். இதை உணர நமக்கு எபிரெயம் தெரியவேண்டியதில்லை, பொறுமையாக வாசித்தால் போதும்.

ஒப்பிட்டுச் சொல்லும் வசனங்கள் இன்னும் வெளிப்படையானவை. அநியாயமாய் வந்த அதிக வருமானத்தைப்பார்க்கிலும் நியாயமாய் வந்த கொஞ்ச வருமானமே உத்தமம் என்கிறது 16:8. பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும் சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது என்கிறது 15:17. மாறுபாடான உதடுகளுள்ள மூடனைப்பார்க்கிலும் உத்தமனாய் நடக்கிற தரித்திரனே வாசி என்கிறது 19:1. மேலானவன் என்று பொருள்படும் அந்த 'வாசி' என்ற பழைய சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறையும். நீதிமான் எப்போதும் செழிப்பான் என்பது சட்டமாக இருந்தால், உத்தமனாய் நடக்கிற தரித்திரன் என்று ஒருவன் இருக்கவே முடியாது. அவன் இருக்கிறான் என்று அந்தப் புத்தகம் தானே ஒப்புக்கொள்ளுகிறது. பாவியின் ஆஸ்தி நீதிமானுக்காகச் சேர்த்துவைக்கப்படும் என்ற 13:22 செழிப்பின் உபதேசத்தில் மேடைதோறும் ஒலிக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தை, அதாவது ஏழையின் வயல் நன்றாய் விளைந்தும் நியாயம் கிடையாததினால் கெட்டுப்போகிறவர்கள் உண்டு என்ற 13:23ஐ, எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அங்கே ஏழை சோம்பேறி அல்ல, உழைத்திருக்கிறான், விளைந்திருக்கிறது; கெடுத்தது அநியாயம்.

வீட்டு வாசல்களில் எழுதி வைக்கப்படும் சங்கீதம் 37:25உம் அப்படித்தான். நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை என்று முதிர்வயதான ஒருவர் தம் வாழ்நாளைத் திரும்பிப் பார்த்துச் சாட்சி சொல்லுகிறார். அதே சங்கீதத்தின் 16ஆம் வசனத்தில் நீதிமானுக்கு இருப்பது 'கொஞ்சமே'. 35ஆம் வசனத்தில் பச்சைமரத்தைப்போல் தழைத்திருக்கிறவன் துன்மார்க்கன். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பாடிய மனிதரிடமிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி, பசியோடு நிற்கிற ஒரு குடும்பத்தின் முன் நீட்டுவது அவருடைய சாட்சிக்கே அநியாயம்.

இப்படித் திருப்பிப் படிப்பவர்கள் வேதத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் இவர்கள், கள்ளப்போதகர்கள் அல்ல. அவர்கள் பேசியவற்றில் பெரும்பகுதியை நீதிமொழிகளின் பக்கங்களில் கலந்து வைத்தால் வேற்றுமை தெரியாது. 'குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?' என்று எலிப்பாஸ் கேட்டான். செத்துப்போன பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று அவர்களுடைய தகப்பன் முகத்துக்கு நேரே பில்தாத் பேசினான். உத்தமனும் சன்மார்க்கனும் என்று முதல் வசனத்திலேயே சாட்சி பெற்றவன் யோபு என்பது வாசிக்கிற நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் கர்த்தர் எலிப்பாஸை நோக்கி, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று சொன்னார். அழுது புலம்பி, தேவனோடு வழக்காடியவன் நிதானமாய்ப் பேசினவனானான். தேவனுக்காகப் பரிந்து பேசியவர்கள் பலி செலுத்தவேண்டியவர்களானார்கள். நாற்பத்திரண்டு அதிகாரம் கொண்ட ஒரு புத்தகம் முழுவதும் இந்த ஒரு பிழைக்காக எழுதப்பட்டிருக்க, அதே பிழையை நாம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுகிறோம்.

பிரசங்கியின் புத்தகம் இன்னும் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானும் உண்டு, தன் பாவத்திலே நீடித்திருக்கிற பாவியும் உண்டு என்று 7:15இல் கண்டதைச் சொல்லுகிறார். 9:11இல், பிழைப்புக்கு ஞானமுள்ளவர்களின் ஞானமும், ஐசுவரியத்துக்குப் புத்திமான்களின் புத்தியும் போதாது, 'அவர்களெல்லாருக்கும் சமயமும் தேவச்செயலும் நேரிடவேண்டும்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. இங்கே 'தேவச்செயல்' என்று தரப்பட்டிருக்கும் எபிரெயச் சொல் 'பெகா'. எதிர்பாராமல் வந்து குறுக்கிடுவது என்பது அதன் பொருள். மொழிபெயர்த்தவர்கள் பக்தியினால் தேவனுடைய பெயரைச் சேர்த்தார்கள், அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு மழைக்கும் ஒரு கடைக்கும் நடுவே நேர்ந்ததற்கு, மூலத்தில் இருக்கிறபடியே, நேர்ந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பதற்கு இந்த வசனம் நமக்கு உரிமை தருகிறது.

இப்படிச் சொன்னால் வாக்குத்தத்தங்களின்மேல் விசுவாசம் குறைந்துபோகும் என்று உங்களில் சிலர் கவலைப்படுவீர்கள் என்று அறிவேன். நான் அப்படி நினைக்கவில்லை. நீதிமொழிகளின் முதல் ஒன்பது அதிகாரங்களில் 'என் மகனே' என்ற அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. முச்சந்தியில் நிற்கும் இளைஞனிடம், இந்த வழியில் போ, அந்த வழியில் போகாதே என்று ஒரு தகப்பன் சொல்லும் பேச்சு அது. இனி நடக்கவேண்டியவனுடைய கால்களுக்கு முன்னே பிடிக்கப்பட்ட விளக்கு. அந்த விளக்கை விழுந்து கிடக்கிறவன் முகத்தில் பிடித்து, நீ எந்த வழியாக வந்தாய் என்று விசாரிப்பதற்கு அது கொடுக்கப்படவில்லை. 'மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி, வெறியன் கையில் அகப்பட்ட முள்ளு' என்று 26:9 எச்சரிக்கிறது. பழமொழியில் குறையில்லை, அதைப் பிடித்திருக்கிற குடிவெறியனின் கை தடுமாறுகிறது. துக்கமுள்ளவன் முன் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போலிருக்கிறான் என்று அதற்கு முந்தின அதிகாரம் சொல்லுகிறது.

ஆகையால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். 10:22ஐப் பிரசங்கிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் 16:8ஐயும் 19:1ஐயும் வாசியுங்கள். தட்டிலிருந்து எடுத்த அட்டை அந்த வீட்டின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல என்று, அட்டை கொடுக்கும் இரவிலேயே, தெளிவாகச் சொல்லுங்கள். அட்டைகளை அச்சிடுகிறவர்கள், வரும் டிசம்பரில் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் உள்ள ஆகூரின் ஜெபத்தையும் அச்சிடுங்கள்: தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும். எனக்குத் தெரிந்து நீதிமொழிகளில் உள்ள ஒரே ஜெபம் அதுதான். அது இத்தனை ஆண்டுகளில் ஒரு அட்டையிலும் என் கைக்கு வந்ததில்லை. இழப்பு நேர்ந்த வீட்டுக்குப் போகும் மூப்பர்கள், யோபுவின் சிநேகிதர்கள் பேசத் தொடங்குமுன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாளுக்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை.

அந்தக் கடை மறுபடியும் திறந்திருக்கிறது. கடன் தீரவில்லை. நோட்டு கரைந்துபோனாலும், தாங்கள் பாக்கி வைத்த தொகையைத் தாங்களாகவே வந்து சொல்லிக் கொடுத்தவர்கள் சிலர் உண்டு, வராதவர்களும் உண்டு. தராசுக்கு மேலே அதே வசனத்தை அந்த அம்மா புதுத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். அவர்கள் பையனிடம் அன்று நான், "உங்க அப்பா ஒரு பாவமும் செய்யலப்பா, மழை பெஞ்சுது" என்று சொல்லி, யோபுவின் முதல் வசனத்தை எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்தான். ஆனால் அவன் தகப்பனைப் பற்றிய சொல்லை அவன் கேட்டது என் வகுப்பறையில் அல்ல, சபையார் கூடியிருந்த இடத்தில். அதற்கான பதிலையும் அவன் அப்படிப்பட்ட ஓர் இடத்தில், உங்கள் வாயால் கேட்கவேண்டும். அவன் இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாம் வரிசையில் வந்து உட்காருகிறான்.

கர்த்தருக்குள்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை